பிளாஸ்டிக் பெலட்: விலையைக் கேட்குமுன் களஞ்சியத்தைக் கேளுங்கள்

புறக்கோட்டைக் கடையின் பின்னறையிலும் மேல்மாடியிலும் சரக்கை அடுக்கிவைத்து வியாபாரம் செய்தவர்கள் எமது வர்த்தகர்களில் அதிகம். இன்று அவர்களில் பலர் வத்தளை, பேலியகொடை, களனிப் பக்கங்களில் தனியான களஞ்சியங்களை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். களஞ்சியம் எடுத்தவுடன் எல்லோரிடமும் எழும் முதற் கேள்வி ஒன்றுதான். "கீழே பெலட் போட வேண்டும். மரத்தில் வாங்குவதா, பிளாஸ்டிக்கில் வாங்குவதா?" அண்மைக் காலமாக என்னைச் சந்திக்கும் சகோதரர்கள் இதனை அடிக்கடி கேட்பதால் இவ்வாரம் அதனையே எழுதுகிறேன்.

பெலட் என்பது சரக்கை நிலத்திலிருந்து உயர்த்தி வைக்கும் தட்டு. அதன் அடியில் இரும்புக் கரங்களை நுழைத்துத் தூக்கக்கூடியவாறு இடைவெளி இருக்கும். நாற்பது மூட்டைகளை நாற்பது தடவை தோளில் சுமப்பதற்குப் பதிலாக ஒரே தடவையில் நகர்த்தலாம் என்பதே அதன் பயன். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் உங்களுடைய வேலைக்குப் பொருந்தாத பெலட்டை வாங்கினால் காசு வீணாவதுடன் நிற்காது. சரக்கும் பழுதாகும், சில வேளை ஒரு தொழிலாளியின் உயிருக்கும் ஆபத்தாகும். ஆகவே விற்பவரிடம் விலை கேட்பதற்கு முன்னர் உங்கள் களஞ்சியத்திடம் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடி வரிசை ஓர் அமானிதம்

முதலில், பெலட் எதற்கு என்பதைச் சரியாக விளங்கிக்கொள்வோம். சீமெந்துத் தரை காய்ந்திருப்பதுபோல் தெரிந்தாலும் மண்ணிலுள்ள ஈரம் அதனூடாக மேலே வரும். மழைக் காலத்தில் ஈரக்காற்று குளிர்ந்த தரையில் பட்டு வியர்க்கும். இதனால் நிலத்தில் நேரடியாக வைத்த அரிசி, சீனி, மா, பால்மா, மிளகாய் ஆகியவற்றின் அடி வரிசை மெல்ல மெல்ல ஈரம் பிடித்துக் கட்டியாகும், பூஞ்சணம் பிடிக்கும். மேல் வரிசையைப் பார்த்து வாங்குபவருக்கு இது தெரியாது.

நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்றபோது அதனுள் கையை நுழைத்து உட்புற ஈரத்தைக் கண்டுபிடித்ததும், மழையில் நனைந்துவிட்டதாக வியாபாரி சொன்னபோது, மக்கள் பார்க்கும்படி அதனை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டதும், மோசடியைக் கடுமையாகக் கண்டித்ததும் நாம் எல்லோரும் ஜும்ஆக்களில் கேட்ட செய்திதான். இன்றைய களஞ்சியத்தில் அந்த ஈரம் இருப்பது அடி வரிசையில். அது பழுதானால் முதலாளியின் முன்னால் இரண்டு வழிகள் வருகின்றன. ஒன்று நட்டத்தை ஏற்பது, மற்றையது நல்ல மூட்டையுடன் கலந்து தூரத்து ஊர்க் கடைக்காரருக்கு அனுப்பிவிடுவது. இந்தச் சோதனை எமக்கு வராமல் பார்த்துக்கொள்வதே புத்திசாலித்தனம். சரக்கைத் தரையிலிருந்து ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் உயர்த்தி, சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வைத்தால் காற்று புழங்கும். கூட்டிப் பெருக்கலாம், எலியும் வண்டும் இருந்தால் கண்ணுக்குத் தெரியும். இவ்வளவையும் மரப் பெலட்டும் செய்யும், பிளாஸ்டிக் பெலட்டும் செய்யும். அப்படியானால் வித்தியாசம் எங்கே?

மரமும் பிளாஸ்டிக்கும்

மரத்தைக் குறைவாக எடைபோட வேண்டாம். விலை குறைவு, பாரத்தில் எளிதில் வளையாது, ஒரு பலகை உடைந்தால் தச்சரைக் கொண்டு மாற்றிவிடலாம். ஆனால் ஈரத்தை உறிஞ்சும், கறையான் பிடிக்கும், துளைகளில் வண்டு குடியிருக்கும். வெளியே நீட்டிய ஓர் ஆணி பால்மா மூட்டையைக் கிழித்துவிடும். மீன், கோழி போன்றவற்றின் நீரும் இரத்தமும் ஊறிவிட்டால் கழுவிச் சுத்தமாக்குவது மிகவும் கடினம்.

பிளாஸ்டிக்கில் ஆணி இல்லை, கறையான் இல்லை, நீரை உறிஞ்சாது, கழுவிக் காயவைத்து அன்றே பாவிக்கலாம். ஒவ்வொன்றும் ஒரே எடையாக இருப்பதால் நிறுவைக்கும் இலகு. நிறத்தால் பிரித்தும் வைக்கலாம். உணவுப் பொருளுக்கு ஒரு நிறம், சவர்க்காரம், பினாயில் போன்றவற்றுக்கு இன்னொரு நிறம் என்று வைத்தால் வாசனை பிடித்த பெலட்டில் பால்மா ஏறாது.

ஆனால் பிளாஸ்டிக்கின் குறைகளை விற்பவர் உங்களுக்குச் சொல்லமாட்டார். அது வெடித்தால் ஆணியடித்துத் திருத்த முடியாது. வழுவழுப்பானது, பின்னிய பிளாஸ்டிக் சாக்கு அதன்மேல் எளிதில் வழுக்கும். கடுகண்ணாவை ஏற்றத்தின் வளைவுகளில் லொறி திரும்பும்போது இதன் அர்த்தம் விளங்கும். ஆகவே ஓரத்தில் சிறு வரம்பு உள்ளதா, வழுக்காத இறப்பர் முடிச்சுகள் பொருத்தப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். இன்னொன்று, நீண்ட நாள் பாரம் தாங்கினால் பிளாஸ்டிக் சிறிது சிறிதாகத் தொய்யும். முதல் நாள் நேராக இருந்த தட்டு ஒரு மாதத்தில் வயிறு தள்ளி நிற்பது அதன் இயல்பு.

மூன்று எடைகள்: எது உங்களுடையது?

பிளாஸ்டிக் பெலட் விளம்பரங்களில் பெரிய எழுத்தில் ஓர் எடை போட்டிருப்பார்கள். "4,000 கிலோ தாங்கும்" என்று. பலர் ஏமாறும் இடம் இதுதான். ஒரு பெலட்டுக்கு ஓர் எடை அல்ல, மூன்று எடைகள் உள்ளன.

முதலாவது, அசையாத எடை. சமமான தரையில் பெலட் சும்மா இருக்கும்போது தாங்கும் பாரம். இதுதான் மூன்றிலும் பெரியது. விளம்பரத்தில் வருவதும் இதுதான்.

இரண்டாவது, அசையும் எடை. போர்க்லிப்ட் அல்லது கைத்தள்ளு பெலட் ட்ரக் தூக்கிக்கொண்டு செல்லும்போது தாங்கும் பாரம். இரண்டு கரங்களின்மேல் மட்டும் நிற்பதால் இது முதலாவதைவிட மிகக் குறைவு.

மூன்றாவது, றாக்கை எடை. இரும்பு றாக்கையில் முன்னும் பின்னும் இரண்டு குறுக்குச் சட்டங்களின்மேல் மாத்திரம் பெலட் நிற்கும். நடுவே பிடிப்பு எதுவும் இருக்காது. மூன்றிலும் மிகச் சிறிய எடை இதுவே. சில பெலட்டுகளை றாக்கையில் வைக்கவே கூடாது.

ஒரு கணக்குப் பார்ப்போம். 25 கிலோ மூட்டைகளை ஓர் அடுக்குக்கு 5 வீதம் 8 அடுக்கு வைத்தால் 40 மூட்டைகள், அதாவது 1,000 கிலோ. இப்படி நிறைந்த பெலட் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக நிலத்தில் அடுக்கினால் ஆக அடியில் உள்ள பெலட் தன் தலையில் 3,000 கிலோவையும் மேலுள்ள இரண்டு பெலட்டுகளின் எடையையும் சுமக்கிறது. அசையாத எடை 4,000 கிலோ என்றிருந்தால் இது போதும். ஆனால் அதே 1,000 கிலோப் பெலட்டை றாக்கையில் ஏற்றப்போகிறீர்கள், அதன் றாக்கை எடையோ 800 கிலோ என்றால், அது உங்களுக்கு உதவாது. 4,000 என்ற பெரிய எழுத்தைப் பார்த்து வாங்கியவர் அன்றைக்கே 200 கிலோ அதிகமாக ஏற்றிவிட்டார். 15 அடி உயரத்தில் ஒரு பெலட் தொய்ந்து சட்டத்திலிருந்து நழுவினால் கீழே நிற்பவர் யார்? நாட்டாமி அல்லது களஞ்சியப் பையன். அவன் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கின்றன.

எனவே மூன்று எடைகளையும் எழுத்தில் கேளுங்கள். எந்த நியமத்தின்படி சோதித்தார்கள் என்றும் கேளுங்கள். பெலட் சோதனைக்கென ஐ.எஸ்.ஓ. 8611 என்ற சர்வதேச நியமம் இருக்கிறது. பாரம் முழுத்தட்டிலும் பரவி இருக்கும்போதுதான் அந்த எடைகள் பொருந்தும். ஓர் இயந்திரத்தையோ இரும்புச் சுருளையோ நடுவில் மாத்திரம் வைத்தால் கணக்கு மாறிவிடும்.

அடிப்பகுதியைத் திருப்பிப் பாருங்கள்

சோனகர் தெருவில் இரும்புச் சாமான் வாங்குபவர் பொருளைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்ப்பார். பெலட்டையும் அவ்வாறே தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். அதன் வேலை என்ன என்பதை அடிப்பகுதியே சொல்லும்.

ஒன்பது கால்கள் மாத்திரம் உள்ளது ஒரு வகை. வெறும் பெலட்டுகளை ஒன்றினுள் ஒன்று செருகி அடுக்கலாம். விலையும் எடையும் குறைவு. சாதாரண பெலட் 15 சென்ரிமீற்றர் உயரம் என்றால் 20 வெறும் பெலட் அடுக்கினால் 3 மீற்றர் வரும். செருகும் வகையில் மேலே வரும் ஒவ்வொன்றும் 5 சென்ரிமீற்றர் மட்டும் உயர்த்தினால் அதே 20 பெலட் சுமார் 1.1 மீற்றரில் அடங்கிவிடும். வெறும் பெலட்டைத் திருப்பி ஏற்றிவரும் லொறிக்கு இது பெரிய சேமிப்பு. ஆனால் கால்கள் தனித்தனியாக நிற்பதால் இதனைச் சாதாரண றாக்கைச் சட்டத்தில் வைக்கக் கூடாது. சரக்கு நிறைந்த பெலட்டை மூட்டைகளின்மேல் வைத்தாலும் கால்கள் கீழ்ச் சாக்கைக் குத்தும்.

மூன்று நீளச் சட்டங்கள் உள்ளது இரண்டாவது வகை. கைத்தள்ளு ட்ரக்குக்கு இலகு. றாக்கைக்கெனச் செய்யப்பட்டவற்றில் தட்டினுள் இரும்புக் குழாய்கள் வைத்திருப்பார்கள். றாக்கையில் பாரமான சரக்கை வைப்பவர்கள் அப்படியானதையே கேட்க வேண்டும்.

சுற்றிவரச் சட்டமும் நடுவே குறுக்குச் சட்டமும் உள்ளது மூன்றாவது வகை. நிறைந்த பெலட்டின்மேல் நிறைந்த பெலட்டை அடுக்குவதற்கு இது நல்லது, பாரம் பரவி இறங்கும். ஆனால் கைத்தள்ளு ட்ரக்கின் முன் சில்லு அடிச் சட்டத்தின்மேல் ஏறி இறங்க வேண்டியிருப்பதால் சில பக்கங்களிலிருந்து நுழைப்பது சிரமம். கைத்தள்ளு ட்ரக்கின் கரம் தாழ்த்திய நிலையில் பொதுவாக 85 மில்லிமீற்றர் உயரம் இருக்கும். பெலட்டின் வாயில் அதைவிட உயரமாக இருக்க வேண்டும். உங்களிடமுள்ள ட்ரக்கைக் கொண்டுபோய் நுழைத்துப் பார்க்காமல் நூறு பெலட்டுக்குக் காசு கட்டாதீர்கள்.

மேற்தட்டிலும் இரண்டு விதம் உண்டு. துளையுள்ள தட்டில் காற்று புழங்கும், தண்ணீர் வடியும், மரக்கறிக்கும் பழத்துக்கும் குளிரறைக்கும் ஏற்றது. மூடிய தட்டு சிறிய பெட்டிகளுக்கும் மெல்லிய பொதிகளுக்கும் நல்லது, துடைப்பதும் இலகு. பெரிய துளையுள்ள தட்டில் மா மூட்டையை மாதக் கணக்கில் வைத்தால் சாக்கு துளைக்குள் பிதுங்கி நிற்கும்.

அளவு: வாசலையும் கொள்கலனையும் அளந்து பாருங்கள்

உலகில் பெலட்டுக்கு ஒரே அளவு கிடையாது. எமது களஞ்சியங்களில் அதிகம் காண்பது 1,200க்கு 1,000 மில்லிமீற்றர். ஐரோப்பாவில் 1,200க்கு 800 பரவலானது. ஜப்பான், கொரியாப் பக்கம் 1,100க்கு 1,100.

20 அடிக் கொள்கலனின் உள் அகலம் ஏறத்தாழ 2.35 மீற்றர், உள் நீளம் 5.9 மீற்றர். அதன் தரையில் 1,200க்கு 1,000 பெலட் 10 வைக்கலாம். ஐரோப்பிய அளவு 11 பிடிக்கும். 1,100 சதுரம் 10 பிடிக்கும். ஏற்றுமதி செய்பவர்கள் வாங்குபவரின் றாக்கை எந்த அளவுக்கு என்று கேட்டபின்பே பெலட்டைத் தீர்மானிக்க வேண்டும். இல்லாவிட்டால் அங்கே இறக்கி மாற்றி அடுக்கும் கூலியும் எமது தலையில் விழும்.

உள்ளூர் விநியோகத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. புறக்கோட்டை 4ஆம் குறுக்குத் தெருவிலோ டாம் வீதியிலோ பழைய கட்டிடம் ஒன்றின் வாசல் 3 அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். 3 அடி என்பது 914 மில்லிமீற்றர். 1,000 மில்லிமீற்றர் பெலட் அதனூடாகப் போகாது. அப்படியான கடைக்கு நிறைந்த பெலட்டைக் கொண்டுபோய்ப் பயனில்லை, அங்கே வாசலில் இறக்கிச் சுமக்கத்தான் வேண்டும். அவர்களுக்கு 800க்கு 600 போன்ற சிறிய பெலட் அல்லது உள்ளேயே நிரந்தரமாகக் கிடக்கும் தாழ்வான தரைத்தட்டுப் போதும். லொறித் தட்டின் உள் அகலத்தையும் அளந்து பாருங்கள். இரண்டு பெலட் பக்கம் பக்கமாக நிற்காவிட்டால் ஒவ்வொரு பயணத்திலும் பாதித் தட்டு வெறுமையாகவே போகும்.

எந்தப் பிளாஸ்டிக்?

பெலட்டுகள் பெரும்பாலும் இரண்டு வகைப் பிளாஸ்டிக்கில் வருகின்றன. ஒன்று எச்.டீ.பீ.ஈ. எனப்படுவது, முக்கோணக் குறியினுள் 2 என்ற இலக்கம் இருக்கும். மற்றையது பீ.பீ., அதன் இலக்கம் 5. பீ.பீ. கூடுதல் விறைப்பானது, வளைவது குறைவு. ஆனால் சாதாரண பீ.பீ. கடும் குளிரில் நொறுங்கும் தன்மை அடையும். எச்.டீ.பீ.ஈ. குளிரிலும் அடி தாங்கும். ஆகவே பேருவளையிலோ நீர்கொழும்பிலோ மீனைச் சைபருக்குக் கீழே 18 பாகையில் வைத்திருப்பவர் எச்.டீ.பீ.ஈ. அல்லது குளிருக்கென விசேடமாகச் செய்த வகையையே கேட்க வேண்டும்.

புதிய மூலப்பொருளா, பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்ததா என்பது அடுத்த கேள்வி. மீள்சுழற்சியில் செய்தவை அநேகமாகக் கறுப்பு அல்லது சாம்பல் நிறத்தில் வரும், விலை குறைவு. அது குற்றமல்ல. பெட்டியில் அடைத்த சாமான்களுக்கும், டைல்ஸ், இரும்பு வகைகளுக்கும் தாராளமாகப் பாவிக்கலாம். ஆனால் எதை உருக்கினார்கள் என்பது தெரியாததால், உணவு நேரடியாகத் தொடும் இடத்தில் அது வேண்டாம். அங்கே உணவுக்கு ஏற்றது என்ற உறுதிப்பத்திரத்துடன் புதிய மூலப்பொருளில் செய்ததையே வாங்குங்கள். பெலட்டை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். எண்ணெய் நாற்றமோ இரசாயன நாற்றமோ வந்தால் உங்கள் பால்மாவும் தேயிலையும் அதே நாற்றத்தைப் பிடிக்கும். கையால் வாங்கும் பாவித்த பெலட்டுகளில் இது இன்னும் அவதானம். முன்பு அதில் பூச்சிநாசினி ஏற்றினார்களா, வேறு என்ன கசிந்தது என்று யாருக்குத் தெரியும்?

வெயிலும் பிளாஸ்டிக்கின் எதிரி. முற்றத்தில் போட்டு வைத்தால் நிறம் மங்கி, மேற்பரப்பு வெளுத்து, பின்னர் வெடிக்கத் தொடங்கும். வெளியே வைக்கத்தான் வேண்டும் என்றால் சூரிய ஒளியைத் தாங்கும் மருந்து சேர்த்ததைக் கேளுங்கள். கறுப்பு நிறத்துக்காகச் சேர்க்கும் கரித்தூளும் ஓரளவு பாதுகாப்புத் தரும்.

ஏற்றுமதியாளர்களுக்கு

வாசனைத் திரவியம், தேங்காய்ப் பொருள், தேயிலை ஏற்றுமதி செய்யும் சகோதரர்களுக்குப் பிளாஸ்டிக்கில் தெளிவான ஒரு நன்மை உண்டு. மரப் பொதிகளூடாகப் பூச்சிகள் நாடு விட்டு நாடு பரவுவதைத் தடுக்க 2002 இல் ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேச விதி கொண்டுவரப்பட்டது. அதன்படி மரப் பெலட்டைப் பொதுவாக, அதன் நடுப்பகுதி 56 பாகை செல்சியஸை அடைந்து தொடர்ந்து 30 நிமிடம் அதே சூட்டில் இருக்குமாறு வேகவைத்து, அல்லது அனுமதிக்கப்பட்ட வேறு முறையில் பரிகரித்து, கோதுமைக் கதிர் போன்ற அடையாளத்துடன் முத்திரை குத்த வேண்டும். முத்திரை இல்லாத மரப் பெலட் போய்ச் சேரும் துறைமுகத்தில் தடுக்கப்படலாம், எரிக்கப்படலாம், கொள்கலனே திருப்பி அனுப்பப்படலாம். பிளாஸ்டிக்குக்கு இந்த விதி கிடையாது.

ஆனால் போனால் திரும்பி வராத பெலட்டுக்கு விலை கூடிய, பாரமான வகை தேவையில்லை. ஒரு பயணத்துக்கென வரும் இலேசான பிளாஸ்டிக்கையும், முத்திரையுள்ள மரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விலை பாருங்கள்.

தீயை மறக்க வேண்டாம்

களஞ்சியக் கூட்டங்களில் யாரும் பேசாத விடயம் இது. ஒரு கிலோ மரம் எரிந்து தரும் வெப்பத்தைவிட ஒரு கிலோ பிளாஸ்டிக் எரிந்து தரும் வெப்பம் இரண்டு மடங்குக்கும் அதிகம். மேலும் அது உருகிச் சொட்டித் தரையில் எரியும் குளமாகப் பரவும். இதனால்தான் தீப்பாதுகாப்பு நியமங்கள் வெறும் பிளாஸ்டிக் பெலட் அடுக்கைத் தனி ஆபத்தாகக் கணிக்கின்றன. வெறும் பெலட்டுகளைக் கூரைமட்டும் அடுக்காதீர்கள். மின்பலகைக்கு அருகிலும் வெளியேறும் வாசலிலும் வைக்காதீர்கள். மரத்திலிருந்து பிளாஸ்டிக்குக்கு மாறுவதாகக் காப்புறுதிக் கம்பனிக்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவியுங்கள். தீ விபத்துக்குப் பிறகு அவர்கள் இதைக் கேள்வியாகக் கேட்கக் கூடாது.

வெள்ளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2016 மே மாத வெள்ளத்தில் வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கம் தண்ணீர் நின்ற உயரத்துக்கு எந்தப் பெலட்டும் உதவியிருக்காது. இந்த இரண்டு வகைப் பிளாஸ்டிக்கும் தண்ணீரைவிட இலேசானவை. வெறும் பெலட்டுகள் மிதந்து போகும், பாரம் குறைந்த அடுக்குகள் சரியும். வெள்ள அபாயமுள்ள களஞ்சியத்தில் பெறுமதியான சரக்குக்கு றாக்கையின் மேல் தட்டுத்தான் பாதுகாப்பு.

கணக்கு: வீட்டில் நிற்கும் பெலட்டும் வெளியே போகும் பெலட்டும்

இனி விலைக்கு வருவோம். 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாயைத் தாண்டிச் சென்றதைக் கண்டவர்கள் நாம், ஆகவே இங்கே எழுதும் தொகைகளைச் சந்தை விலையாக எடுக்க வேண்டாம். கணக்கின் முறையைக் காட்டவே எழுதுகிறேன். உங்கள் கொட்டேஷனிலுள்ள தொகையைப் போட்டுப் பாருங்கள்.

ஒரு மரப் பெலட் 5,000 ரூபா, மூன்று வருடம் உழைக்கும், இடையில் திருத்த வேலைக்கு 1,000 ரூபா போகும் என்று வைப்போம். மொத்தம் 6,000. வருடத்துக்கு 2,000 ரூபா. ஒரு பிளாஸ்டிக் பெலட் 18,000 ரூபா, ஒன்பது வருடம் உழைக்கும், கடைசியில் பழைய பிளாஸ்டிக்காக 1,800 ரூபாவுக்குப் போகும் என்று வைப்போம். நிகரச் செலவு 16,200. வருடத்துக்கு 1,800 ரூபா. பிளாஸ்டிக் வென்றுவிட்டது.

ஆனால் உங்களிடம் 100 பெலட் இருந்து, கடைகளுக்குச் சரக்குடன் போனவற்றில் வருடத்துக்கு 10 திரும்பி வராவிட்டால்? 1,80,000 ரூபா நட்டம். அதை 100 ஆல் பிரித்தால் ஒவ்வொரு பெலட்டின் தலையிலும் இன்னும் 1,800 ரூபா ஏறுகிறது. வருடச் செலவு 3,600 ஆகிவிட்டது. இப்போது மரம் வென்றுவிட்டது.

இந்தக் கணக்குச் சொல்லும் பாடம் எளிது. களஞ்சியத்தை விட்டு வெளியே போகாத பெலட்டுக்கும், உங்களுடைய லொறியிலேயே போய் உங்களுடைய லொறியிலேயே திரும்பும் பெலட்டுக்கும் பிளாஸ்டிக் நல்லது. கைமாறிப் போய்விடும் பெலட்டுக்கு மரமே போதும். வெளியே அனுப்பத்தான் வேண்டும் என்றால் ஒவ்வொன்றிலும் கடைப் பெயரும் தொடர் இலக்கமும் பதியுங்கள். பற்றுச்சீட்டில் சரக்கைப் போலவே பெலட்டின் எண்ணிக்கையையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், அல்லது வைப்புப் பணம் எடுங்கள். நண்பர், சொந்தக்காரர் என்று எழுதாமல் விட்டால் பின்னர் பெலட்டும் போகும், உறவும் போகும். கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளும்படி எமது மார்க்கம் சொல்லித் தந்திருப்பதும் இதற்காகத்தான்.

வாங்குவதற்கு முன் ஒரு வாரம்

ஒரே தடவையில் நூறு வாங்காதீர்கள். அதற்காக வட்டிக்குக் கடன்படுவதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. இரண்டு மாதிரிப் பெலட்டைக் கேட்டு எடுங்கள், காசு கொடுத்தாவது எடுங்கள். உங்களுடைய உண்மையான பாரத்தை ஏற்றுங்கள். றாக்கைக்கு வாங்குவதானால் தரையோடு ஒட்டிய மிகத் தாழ்வான சட்டத்தில் வையுங்கள். பெலட்டின் அடியில் ஒரு நூலை இழுத்துக் கட்டி நடுப்பகுதி எவ்வளவு தொய்ந்துள்ளது என்று முதல் நாளும் ஏழாம் நாளும் அளந்து எழுதுங்கள். தொய்வு நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனால் அது உங்களுக்கான பெலட் அல்ல. பாரத்தை இறக்கிய பின்னர் மூலைகளிலும் கால்களின் அடியிலும் வெள்ளைக் கோடுகள் விழுந்துள்ளனவா என்று பாருங்கள். அது வெடிப்பின் ஆரம்பம்.

கொட்டேஷனில் ஐந்து விடயங்கள் எழுத்தில் இருக்க வேண்டும். நீள அகல உயரம், பெலட்டின் எடை, மூன்று வகைப் பார எடைகள், எந்தப் பிளாஸ்டிக் மற்றும் புதியதா பழையதா என்பது, உத்தரவாதக் காலமும் அது எதற்குப் பொருந்தும் என்பதும். அந்தப் பெலட்டின் எடையை மறுபடியும் நிறுத்துப் பாருங்கள். மாதிரி 20 கிலோவாக இருந்து, வந்து இறங்கியது 17 கிலோவாக இருந்தால் பிளாஸ்டிக்கைக் குறைத்துவிட்டார்கள் என்பது தெளிவு.

வாங்கிய பின்னர் மாதம் ஒரு தடவை எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்து, வெடித்ததை உடனே ஒதுக்குங்கள். "இன்னும் கொஞ்ச நாள் ஓடும்" என்று றாக்கையில் ஏற்ற வேண்டாம், கீழே தரையில் பாவிக்கவும் வேண்டாம். ஒதுக்கியது திரும்பவும் வரிசைக்குள் வந்துவிடும். மேல் தட்டிலுள்ள பெட்டியை எடுக்க ஒரு பையனை வெறும் பெலட்டில் ஏற்றிப் போர்க்லிப்டால் உயர்த்தும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். சரக்குக்கென்று செய்த தட்டில் மனிதனை ஏற்றக் கூடாது.

ஸகாத் கணக்குப் பற்றிச் சிலர் கேட்பதுண்டு. உங்கள் களஞ்சியத்தில் பாவனைக்கு வைத்திருக்கும் பெலட், தராசும் றாக்கையும் போலத் தொழில் உபகரணம். அதன் பெறுமதி ஸகாத் கணக்கில் சேராது. அதன்மேல் இருக்கும் வியாபாரச் சரக்குச் சேரும். பெலட்டையே வாங்கி விற்பவருக்கு அது வியாபாரச் சரக்கு. சந்தேகம் இருப்பின் உலமாக்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

நாற்பது வருடம் பழகிய வியாபாரிகள்கூடப் பெலட்டைச் செலவுக் கணக்கில் ஒரு சிறு வரியாகத்தான் பார்க்கிறார்கள். எமது சரக்கு முழுவதும் அதன் முதுகில்தான் இருக்கிறது. அதனருகேதான் எமது தொழிலாளர்கள் காலை முதல் மாலை வரை நிற்கிறார்கள். அடி வரிசை மூட்டையைத் திறந்து எந்த வாடிக்கையாளருக்கும் தயக்கமின்றிக் காட்டக்கூடியதாக இருந்தால், அந்தக் களஞ்சியத்தில் நல்ல பெலட் போடப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அல்லாஹ் எமது வியாபாரங்களில் பரகத் செய்வானாக.